கேட்டுக்காரர் வீட்டுக் கரண்ட்

கேட்டுக்காரரின் மனைவி அன்று காலை தெருவில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கினாள். விசேஷத்துக்கு அழைக்கப் போகிறவள் மாதிரி தலை வாரி, துவைத்த துணி உடுத்திக்கொண்டுதான் போனாள். ஆனால் அவள் கேட்டது யாரும் யாரிடமும் கேட்டிராத ஒன்று. மாவரைக்கிற மெஷினோ, தண்ணீர் மோட்டாரோ, சுவரைத் துளைக்கிற டிரில்லோ, எதைப் போடுவதாக இருந்தாலும் முன்னால் ஒரு குரல் கொடுக்க வேண்டும்.

"போடாதீங்கன்னு சொல்லலை. ஒரு சத்தம் குடுத்தீங்கன்னா எங்க வீட்டுக்காரரைப் பின்பக்கம் கூட்டிட்டுப் போயிடுவேன். அவ்வளவுதான்."

மாடி வீட்டுக்காரி கையைப் பிசைந்தாள். "எங்க மோட்டார் தானா ஓடித் தானா நிக்கிறதாச்சே அக்கா. அதுக்கு யாரு குரல் குடுக்கறது?"

இஸ்திரிக்காரர் பெட்டியைத் திறந்து காட்டினார். "என்னுது கரிப் பெட்டி. கரிக்கும் உங்க வீட்டுக்காரர் நெஞ்சுக்கும் ஆகாதுன்னா சொல்லுங்க, கடையைத் தெருமுனைக்குத் தள்ளிட்டுப் போயிடறேன்." அதில் கேலி எவ்வளவு, பரிவு எவ்வளவு என்று அவளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

கடைசி வீடு லைன்மேனுடையது. ஓய்வு பெற்று மூன்று வருடமாகியும் தெரு அவரை லைன்மேன் என்றுதான் கூப்பிட்டது. கேட்டுக்காரரின் வெல்டிங் பட்டறைக்குப் போகிற மின் இணைப்பை மூன்று வாரம் முன்பு அவரே வந்து கழற்றிவிட்டுப் போயிருந்தார்.

"லைனைத்தான் எடுத்தாச்சே. அதுக்கப்புறமும் ஷாக் அடிச்சுதா?"

"நேத்து மதியம் அடிச்சுது அண்ணா. சோத்துல கையை வச்சவர் தட்டோட பின்னால விழுந்துட்டார்."

"அப்ப அது கரண்ட் இல்லைம்மா."

"எந்தப் பக்கத்துல இருந்தோ வருது. ரெண்டு நாளா மழை. மண்ணெல்லாம் ஈரம்."

"மண்ணுல கரண்ட் வந்தா செருப்பு போடாம நடக்கிற நீதான் முதல்ல துள்ளணும். அவர் கட்டில்ல உக்காந்து துள்ளுவாரா?"

அவள் படி இறங்கினாள். பின்னாலிருந்து லைன்மேன் சொன்னார்: "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போம்மா. மறைக்காத."

மறைத்தது உண்மைதான்.

எட்டு மாதத்துக்கு முன்னால் கேட்டுக்காரர் பட்டறையில் ஒரு கேட்டின் அடிச்சட்டத்துக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே முன்னால் சாய்ந்தார். ஒட்டைக் கிட்டத்தில் பார்க்கக் குனிகிறார் என்றுதான் மனைவி நினைத்தாள். அவர் அப்படிக் குனிகிறவர். ஊரில் பாதி வீடுகளின் கேட் அவர் கை வேலை. பெயர் சொல்லி விசாரித்தால் நாலு பேர் யோசிப்பார்கள். கேட்டுக்காரர் என்றால் குழந்தை கூட வழி காட்டும். வெல்டிங் ராடு கையை விட்டு உருண்ட பிறகுதான் அவள் ஓடினாள். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கண் செருகிக் கிடந்தது.

ஆம்புலன்சில் வந்தவர்கள் சட்டையைக் கிழித்தார்கள். நெஞ்சில் ஷாக் கொடுக்கிற இரண்டு அட்டைகளை ஒட்டினார்கள். "எல்லாரும் தள்ளுங்க, யாரும் தொடாதீங்க" என்று ஒருவர் கத்தினார். உடம்பு ஒரு தடவை எம்பி விழுந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் பதினொரு நாள். தலைமாட்டு மானிட்டரில் பச்சைக் கோடு ஓடிக்கொண்டே இருக்கும். அவள் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நர்ஸ் ஒரு நாள், "அம்மா, டிவி பாத்தது போதும், வீட்டுக்காரரைப் பாருங்க. உங்களைத் தேடறார்" என்றாள்.

அவர்கள் வீட்டுக்கு அனுப்பும்போது இடது தோள் எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில், தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிய ஒரு கருவியை வைத்துத் தைத்திருந்தார்கள். இதயம் தாளம் தப்பினால் அது உள்ளேயே ஷாக் கொடுத்து நேராக்கும். டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, இனி வெல்டிங் வேலை கூடாது. ஓடுகிற வெல்டிங் செட்டுக்குப் பக்கத்தில் நிற்கவும் கூடாது. அந்தக் கரண்டைத் தாளம் தப்பிய துடிப்பு என்று நினைத்துக் கருவி ஏமாந்து அடித்துவிடலாம். இரண்டு, கருவி ஒரு தடவை அடித்தாலும் உடனே தெரிவிக்க வேண்டும்.

முதலாவதை மட்டும்தான் அந்த வீடு காதில் வாங்கியது.

கேட்டுக்காரர் கருவிக்கு வாத்தியார் என்று பெயர் வைத்தார். "உள்ள ஒரு வாத்தியார் பிரம்போட உக்காந்திருக்கார். ஒழுங்கா இருந்தா ஒண்ணும் பண்ண மாட்டார். தப்பு பண்ணினாத்தான் அடி" என்று பார்க்க வருகிறவர்களிடம் சட்டையை விலக்கிக் காட்டுவார். வந்தவர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார்.

பாதியில் நின்ற கேட்டுகள் பட்டறையில் சாய்ந்து கிடந்தன. இருபத்தி மூன்று வருடம் அவருக்குப் பைப்பைப் பிடித்துக் கொடுத்தவள், கசடைத் தட்டித் துடைத்தவள், ஒரு நாள் ராடைக் கையில் எடுத்தாள். அவர் தரையில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டு, செட்டிலிருந்து ஐந்து தப்படி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"கையை இழுக்காத, நகர்த்து. மாவு பிசையற மாதிரி அழுத்தாத. தொடாம தொடணும்."

"தொடாம எப்படித் தொடறது?"

"கல்யாணமான புதுசுல நான் உன்னைத் தொட்ட மாதிரி."

"அப்ப சரி, எல்லாம் ஓட்டை விழும்."

அவர் குலுங்கிச் சிரித்தார். அவளுடைய முதல் ஒட்டு கோழி கிளறின மண் மாதிரி இருந்தது. பத்தாவது நாள் பரவாயில்லை. ஒரு மாதத்தில் மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று படிய ஆரம்பித்தது. கண்ணில் மணல் அள்ளிப் போட்டது போல எரியும். முன்கையில் பொறி பட்ட புள்ளிகள். தூங்கப் போகும்போது அவர் அந்தப் புள்ளிகளை விரலால் எண்ணுவார்.

முதல் அடி அப்போதுதான் விழுந்தது. பகல் பதினொரு மணி. அவள் ராடை உரசி நெருப்புப் பிடித்த அதே நொடியில், கோட்டுக்கு அந்தப் பக்கம், கேட்டுக்காரர் நாற்காலியோடு எகிறினார். "குதிரை உதைச்ச மாதிரி இருந்துச்சு" என்றார் பிறகு. முகத்தில் ரத்தமில்லை.

"டாக்டர்கிட்ட சொல்லிடலாங்க."

"என்னன்னு சொல்லுவே? வெல்டிங் பக்கத்துல உக்காந்திருந்தார்னா? போகவே கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னார் அந்த மனுஷன். அப்புறம் உன்னையும் ராடைத் தொடக் கூடாதும்பார். சோத்துக்கு என்ன பண்றது?"

கோடு பத்து தப்படிக்கு நகர்ந்தது. இரண்டாவது அடி விழுந்தது. கோடு பட்டறை வாசலுக்கு வெளியே போனது. மூன்றாவது அடி அவர் வீட்டுக்குள் கட்டிலில் படுத்திருக்கும்போது விழுந்தது. அப்போதும் அவள் பட்டறையில் வேலையாகத்தான் இருந்தாள். நான்காவது, குளிக்கும்போது.

அதற்குள் நாத்தனாருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. கேட்டுக்காரருக்கு அக்கா, இரண்டு தெரு தள்ளித் தையல் மெஷின் வைத்துப் பிழைக்கிறவள். தாயில்லாத தம்பியை ஏழு வயதிலிருந்து தூக்கி வளர்த்தவள். நாலாவது அடி விழுந்த அன்று பட்டறை வாசலில் வந்து நின்றாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது, அப்படியே எழுந்து வந்திருக்கிறாள்.

"ஏண்டி, நீ இங்க பொறி பறக்க விட்டுக்கிட்டிருக்கே, அங்க என் தம்பி மீன் மாதிரி துள்ளறான். உனக்கு மனசா, இரும்பா?"

"வேலையை விட்டா என்ன பண்றது அண்ணி?"

"பிச்சை எடுப்போம். நான் எடுத்துட்டு வந்து போடறேன் ரெண்டு பேருக்கும். அவன் உசிரோட இருந்தாத்தானே சோறு இறங்கும்?"

கேட்டுக்காரரின் மனைவி ராடைக் கீழே வைத்தாள். தன் கையிலிருந்து ஏதோ ஒன்று சுவரைத் தாண்டிப் போய் அவரை அடிக்கிறது என்பதில் அவளுக்கும் சந்தேகம் இல்லை. அதில் ஒரு தெம்பும் இருந்தது. தன்னால் வருகிற வினை என்றால் தன்னால் நிறுத்தவும் முடியும். மறுநாளே லைன்மேனைக் கூட்டி வந்தாள். அவர் கம்பத்தில் ஏறி இணைப்பைக் கழற்றியபோது வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தாள். கேட்டுகள் அரையும் குறையுமாக நின்றுவிட்டன. ஆர்டர் கொடுத்தவர்கள் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கிப் போனார்கள். அவள் பக்கத்துத் தெரு அரவை மில்லில் மூட்டை தைக்கப் போனாள்.

இருபது நாள் ஒன்றும் நடக்கவில்லை. கேட்டுக்காரர் இரண்டு தடவை தெருமுனை வரை நடந்து போய் வந்தார். நாத்தனார் தினமும் சாயங்காலம் வந்து தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "பாத்தியா, தெளிஞ்சிருக்கான்" என்பாள். அவளும், "ஆமா அண்ணி" என்பாள். இருபத்தோராம் நாள் மதியம் தட்டு பறந்தது.

அவர் தரையில் கிடந்தபடி சொன்னதுதான் அவளை மறுநாள் காலை தெருவில் இறக்கியது. "நான் என்னடி தப்பு பண்ணினேன்? சாப்பிடத்தானே உக்காந்தேன்?"

லைன்மேன் வீட்டிலிருந்து வந்தவள் பட்டறைத் தகரத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு போய் நாத்தனாரை அழைத்து வந்தாள். மூவரும் பஸ் ஏறினார்கள். கேட்டுக்காரர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, போகிற வழியில் தெரிந்த தன் கேட்டுகளை எல்லாம் பார்த்துக்கொண்டே வந்தார். "அந்தப் பச்சைக் கேட் கீல் கத்துது பாரு. எண்ணெய் விட மாட்டானுங்க."

கருவியைப் பார்க்கிற அறை சிறியது. ஒரு கட்டில், ஒரு மேசை, கம்ப்யூட்டர் மாதிரி ஒரு பெட்டி. கருவியைச் சோதிக்கிற பெண்ணுக்கு ஜலதோஷம். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, வட்டமான ஒன்றை அவர் நெஞ்சின் மேல் வைத்தாள்.

"வலிக்காது அய்யா. உள்ள இருக்கிற கருவி நடந்ததையெல்லாம் எழுதி வச்சிருக்கும். அதைப் படிக்கிறேன்."

"வாத்தியார் ரிப்போர்ட் எழுதறாரா? அது தெரியாமப் போச்சே."

பெண் சிரித்தாள். பெட்டியிலிருந்து காகிதம் வர ஆரம்பித்தது. வந்துகொண்டே இருந்தது. மேசை விளிம்பைத் தாண்டி மடிந்து மடிந்து தரையில் விழுந்தது. அவள் சிரிப்பு எங்கே நின்றது என்று கேட்டுக்காரரின் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது மடிப்பில் நின்றது.

"அய்யா, நீங்க பக்கத்து ரூமுக்குப் போய் ஸ்கேன் எடுத்துட்டு வந்துடுங்க" என்று அவரை ஆளோடு அனுப்பிவிட்டு, பெண் காகிதத்தை எடுத்து விரித்தாள்.

"எத்தனை தடவை அடிச்சுதும்மா?"

"அஞ்சு. எல்லாம் என்னாலதான். நான் வெல்டிங் வேலை பாக்கறேன். அதனாலதான் சொல்லாம இருந்துட்டோம்." ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். நாத்தனார், "சொல்லு, நல்லா சொல்லு" என்றாள் பக்கத்திலிருந்து.

பெண் தலையை ஆட்டினாள். "வெல்டிங் இல்லைம்மா."

நாத்தனார் எட்டிக் காகிதத்தைப் பார்த்தாள்.

"கரண்ட் பட்டிருந்தா கோடு புல்லு முளைச்ச மாதிரி பொடிசா, நெருக்கமா விழும். இங்க பாருங்க." விரல் வைத்த இடத்தில் சின்னச் சின்னத் துடிப்புகள் சீராக வந்து, திடீரென்று கோடு அகன்று, உயர்ந்து, தறிகெட்டுப் போயிருந்தது. கை நடுங்கினவன் வைத்த ஒட்டு மாதிரி என்று அவளுக்குத் தோன்றியது. "இது இதயமே பண்றது. அஞ்சு அடியும் சரியான அடிதான். ஒவ்வொண்ணும் அவரைக் காப்பாத்தியிருக்கு."

"நான் ராடைத் தொட்டவுடனேதான் அடிச்சுது. கண்ணால பாத்தேன்."

"பகல் பூரா வேலை பாக்கறீங்க இல்லையா? பகல்ல எது நடந்தாலும் அப்ப உங்க கையில ராடு இருக்கத்தான் செய்யும்." பெண் குரலைத் தாழ்த்தினாள். "அடிக்கிறதுக்கு முன்னாடி இந்தக் கருவி கெஞ்சிப் பாக்கும்மா. வலி தெரியாம, வேகமா தட்டித் தட்டி இதயத்தை வழிக்குக் கொண்டு வரப் பாக்கும். அவருக்கே தெரியாது. அப்படி முப்பத்தி நாலு தடவை கெஞ்சியிருக்கு. லீவு நாள்ல, தூக்கத்துல. முதல் மாசம் ஒண்ணு. போன வாரம் மட்டும் பதினொண்ணு."

காகிதத்தில் ஓர் இடத்தைத் தேடி எடுத்தாள். "கரண்ட் பட்டது ஒரே ஒரு தடவைதான். இது. கருவி ஏமாந்து அடிக்கத் தயாராகியிருக்கு. அதுக்குள்ள கையை எடுத்துட்டார் போல, அடிக்கலை. அன்னிக்கு அவரே வெல்டிங் பண்ணினாரா?"

தேதியைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் சாமான் வாங்கப் போய்விட்டு வந்த நாள். மூலை ஒட்டு ஒன்று முடிந்திருந்தது, நூல் பிடித்த மாதிரி. 'இது யார் வச்சது' என்று கேட்டதற்கு, 'நீதான் நேத்து வச்சே, உன் கை உனக்கே தெரியலையா' என்றார். அவள் பெருமையில் நம்பிவிட்டாள்.

டாக்டர் வந்தார். காகிதத்தையும் பக்கத்து அறையிலிருந்து வந்த ஸ்கேன் தாளையும் நின்றபடியே படித்தார்.

"முதல் அடி விழுந்தது நாலு மாசம் முன்னாடி. அப்பவே வந்திருந்தா…" என்றவர் அதை அங்கேயே விட்டுவிட்டார். "இதயம் ரொம்பத் தளர்ந்து போச்சும்மா. நாளைக்கு பெட் காலியாகுது, காலையில கொண்டு வந்து சேருங்க. மருந்தை மாத்தணும். குழாய் விட்டு, தாளம் தப்புற இடத்துல சூடு வச்சுப் பாக்கலாம், அதைத் தாங்குவாரான்னு தெரியலை. கருவியை நம்பி இனிமே விட முடியாது. அது அடிச்சு அடிச்சு பேட்டரியும் இறங்கிக்கிட்டே வருது."

"வேற ஏதாவது நான் நிறுத்தணுமா டாக்டர்? எதை வேணாலும் நிறுத்திடறேன்."

"நிறுத்த ஒண்ணுமில்லைம்மா." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இதை அவர்கிட்ட சொல்லியாகணும். நீங்க சொல்றீங்களா? இல்லைன்னா நாளைக்கு வார்டுல நான் சொல்றேன். மறைக்கறது என் வழக்கமில்லை."

அவர் போன பிறகு இரண்டு பெண்களும் நடைபாதை பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். யாரோ தரையைத் துடைத்துக்கொண்டு போனார்கள், காலைத் தூக்கிக்கொண்டார்கள், மறுபடி இறக்கினார்கள். நாத்தனார்தான் கேட்டாள்.

"அப்ப நீ இல்லையா?"

"இல்லையாம் அண்ணி."

"நல்லாப் பாத்துத்தான் சொன்னாளா அந்தப் பொண்ணு? மூக்கை உறிஞ்சிக்கிட்டே பாத்தா."

"நல்லாத்தான் பாத்தா."

நாத்தனார் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். இத்தனை நாளாக அவள் கையில் இருந்த ஒரே பிடி இவள்மேல் போட்ட அந்தப் பழிதான். இவளுக்கும் அதுதான். கொலைக்குற்றம் சாட்டப்பட்டு விடுதலையானவள் மாதிரி கேட்டுக்காரரின் மனைவி நிம்மதிப்பட்டிருக்க வேண்டும். அந்தக் குற்றத்தைத் திரும்பத் தரமாட்டார்களா என்றுதான் இருந்தது.

ஸ்கேன் அறைக் கதவு திறந்தது. கேட்டுக்காரர் சட்டைப் பொத்தானை ஒரு துளை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தார். நெஞ்சில் தடவிய பசை சட்டையில் ஈரமாகத் தெரிந்தது. இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன சொன்னாங்க? கரண்ட்தானே?"

அவள் எழுந்து பொத்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட ஆரம்பித்தாள். ஒன்று. இரண்டு. மூன்றாவதில் கை நின்றது.

"கரண்ட்தாங்க."

"நேத்து எப்படி அடிச்சுதாம்? லைன்தான் இல்லையே."

"முன்னாடி வாங்கினதெல்லாம் உள்ள கொஞ்சம் தங்கியிருந்துச்சாம். அதுதான் நேத்து. நாளைக்கு வந்து சேர்ந்தா பாப்பாங்களாம்."

முப்பது வருடம் கரண்டைக் கையில் பிடித்துப் பிழைத்தவர் அதை நம்பியிருக்கக் கூடாது. நம்பினார். தோள்கள் இறங்கின. காலையிலிருந்து இழுத்துப் பிடித்திருந்த மூச்சு நீளமாக வெளியே வந்தது.

"அதானே பாத்தேன். நான் ஒண்ணும் பண்ணலையே, வாத்தியார் எதுக்கு அடிக்கிறார்னு பாத்தேன்."

அவள் நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தாள். நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வந்து இவள் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிகிற அளவுக்கு இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நடைபாதையில் போகிறவர்கள் நின்று பார்க்கிற குரலில் ஆரம்பித்தாள்.

"நான் அப்பவே சொன்னேனா இல்லையா? தலைபாடா அடிச்சுக்கிட்டேனா இல்லையா? பொறியைப் பறக்க விடாதேடீன்னு வாசல்ல வந்து நின்னு கத்தினேனே, கேட்டியா நீ? எல்லாம் உன்னாலதான். உன் கையாலதான்."

"விடு அக்கா" என்றார் கேட்டுக்காரர். "தெரியாமத்தானே பண்ணினா. சோத்துக்குத்தானே பண்ணினா." பிறகு செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அவளை மட்டும் சொல்லாத. அவ இல்லாதப்ப நானும் ஒரு நாள் ராடைப் பிடிச்சேன். கை சும்மா இருக்க மாட்டேன்னுச்சு."

"பிடிச்சியா? நல்லாயிருக்கு! புருஷனும் பொண்டாட்டியும் போட்டி போட்டுக்கிட்டு…" நாத்தனாரின் குரல் உடைந்தது. உடைந்ததையும் கோபம் மாதிரியே நடத்திக்கொண்டு போனாள். "இனிமே தொடுவியா? சொல்லுடி, தொடுவியா?"

"தொட மாட்டேன் அண்ணி."

"தொட்டா?"

"தொட மாட்டேன்."

கேட்டுக்காரர் சிரித்தார். நேற்று மதியத்துக்குப் பிறகு முதல் சிரிப்பு. "விட்டா நீ இங்கயே இவளைக் கொன்னுடுவே. வா, பஸ் போயிடப் போகுது" என்று முன்னால் நடந்தார். நாலு அடிக்கு ஒரு தடவை சுவரைத் தொட்டுக்கொண்டு, ஆனால் நிமிர்ந்துதான் நடந்தார்.

நாத்தனாருக்கு மூச்சு வாங்கியது. வாய் திறந்திருந்தது, வார்த்தை வரவில்லை. மணிக்கட்டை மட்டும் விடவில்லை. முன்னால் போகிறவர் திரும்பிப் பார்ப்பதற்குள் ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"சொல்லுங்க அண்ணி" என்றாள் அவள், அவருக்குக் கேட்காமல். "நிறுத்தாதீங்க. இன்னும் சொல்லுங்க."